மலைநாட்டில் றக்பி: சங்கங்களும் கிண்ணங்களும் உருவான வரலாறு



இறம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறி, அங்கிருந்து நானுஓயா வழியாகத் தலவாக்கலைப் பக்கம் இறங்கும் பஸ்ஸில் நீங்கள் போயிருப்பீர்கள். ரதெல்லவில் தேயிலை மலைகளுக்கு நடுவே பரந்த புல்வெளி மைதானம் ஒன்று உண்டு. டிக்கோயாப் பக்கம் போனால் தரவளையிலும் அப்படியொரு மைதானம் இருக்கிறது. நமது மலைகளில் ஒரு வீடு கட்டவே மண்ணை வெட்டிச் சமப்படுத்த வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் இவ்வளவு பெரிய சமதரையை ஒரு விளையாட்டுக்காக ஒதுக்கியவர்கள் யார்? அதில் ஆடியவர்கள் யார்? வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் யார்?

இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வரலாற்றுப் பாடத்தில் பெருந்தோட்டப் பொருளாதாரத்தைக் கற்கும்போதும், சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் விளையாட்டுகளைக் கற்கும்போதும் இது உங்களுக்கு உதவும். நாம் பேச்சில் ‘றகர்’ என்று சொல்லும் விளையாட்டே இங்கு ‘றக்பி’ என எழுதப்படுகிறது.

1. நிர்வாக அமைப்பு என்பது யாது?

ஒரு பந்தும் இருபது பிள்ளைகளும் இருந்தால் விளையாடிவிடலாம். ஆனால் இறம்பொடைப் பிள்ளைகளும் பூண்டுலோயாப் பிள்ளைகளும் மோத வேண்டுமானால், யாருடைய விதிப்படி ஆடுவது என்ற வினா உடனே எழும். அதைத் தீர்க்கும் பொறுப்பை எல்லாக் கழகங்களும் சேர்ந்து ஓர் அமைப்பிடம் ஒப்படைக்கின்றன. அதுவே நிர்வாக அமைப்பு அல்லது சங்கம் ஆகும். அதன் பணிகளை நான்காகச் சுருக்கலாம்.

(அ) விளையாட்டின் விதிகளை வகுத்தல்.
(ஆ) யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது எனத் தீர்மானித்தல்.
(இ) போட்டிகளை ஒழுங்கு செய்து கிண்ணங்களை வழங்குதல்.
(ஈ) நாட்டின் அல்லது பிரதேசத்தின் சார்பில் அணியைத் தெரிவு செய்தல்.

இவற்றுள் இரண்டாவது பணியை அடிக்கோடிட்டு வையுங்கள். றக்பி வரலாற்றின் பெரிய சண்டைகள் பல அதிலிருந்தே பிறந்தன.

2. விளையாட்டின் தொடக்கம்

இங்கிலாந்தில் றக்பி என்னும் ஊரிலுள்ள பாடசாலையின் பெயரே இவ்விளையாட்டுக்கு வந்தது. 1823 இல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் கால்பந்தாட்டத்தின் நடுவே பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான் என்ற கதை புகழ்பெற்றது. ஆயினும் அதற்கு உறுதியான சான்று இல்லை. ஆகவே விடைத்தாளில் “என்று கூறப்படுகிறது” எனச் சேர்த்து எழுதுவதே முறையாகும்.

1871 இல் இலண்டனில் 21 கழகங்கள் கூடி றக்பி கால்பந்தாட்டச் சங்கத்தை அமைத்தன. இதுவே இவ்விளையாட்டின் முதலாவது நிர்வாக அமைப்பு. வசதியுள்ள குடும்பத்தினர் படித்த பாடசாலைகளிலிருந்து வந்தவர்களே அதனை நடத்தினர். விளையாட்டுக்குப் பணம் வாங்குவது இழிவு என்பது அவர்களுடைய கொள்கை. வேலைக்குப் போகாவிட்டாலும் வீட்டில் அடுப்பெரியும் நிலையில் இருந்தவர்களுக்கு அது கடினமான கொள்கை அன்று.

3. 1895: நாட் சம்பளத்தினால் வந்த பிளவு

இங்கிலாந்தின் வடபகுதியில் யோக்ஷயர், லங்காஷயர் என்ற பிரதேசங்கள் உள்ளன. அங்கே றக்பி ஆடியவர்களிற் பெரும்பாலோர் நிலக்கரிச் சுரங்கங்களிலும் துணி ஆலைகளிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமையும் அவர்களுக்கு அரை நாள் வேலை இருந்தது. தூரத்து ஊரில் ஆட்டம் என்றால் அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும். அன்றைய கூலி போய்விடும்.

இதை உங்களுக்கு விளக்க அதிகம் தேவையில்லை. தோட்டத்தில் கொழுந்து நிறுவை குறைந்தால் ‘அரைப்பேர்’ போடுவதையும், வேலைக்குப் போகாத நாளுக்குப் ‘பேர்’ இல்லாமற் போவதையும் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். வடக்கு இங்கிலாந்தின் தொழிலாளி ஆட்டக்காரனுக்கும் அதே கணக்குத்தான். நன்றாக ஆடினால் ஊரே கைதட்டும். சம்பள நாளில் கையில் வருவது குறைந்திருக்கும்.

எனவே வடபகுதிக் கழகங்கள் ஒரு கோரிக்கையை முன்வைத்தன. ஆடுவதற்குச் சம்பளம் வேண்டாம். ஆட்டத்தினால் இழக்கும் கூலியை மட்டும் ஈடுசெய்ய அனுமதியுங்கள் என்பதே அது. இதை ‘வேலை இழப்புக் கொடுப்பனவு’ எனக் குறிப்பிடலாம். 1893 இல் இலண்டனில் நடந்த பொதுக்கூட்டத்தில் இக்கோரிக்கை வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. எதிராக 282 வாக்குகள், ஆதரவாக 136 வாக்குகள். கோரிக்கை தோற்றது.

1895 ஓகஸ்ட் 29 ஆந் திகதி ஹடர்ஸ்பீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலில் வடபகுதிக் கழகங்கள் கூடின. தாய்ச் சங்கத்தை விட்டு விலகி, 22 கழகங்களைக் கொண்ட வடக்கு ஒன்றியம் என்ற பிரதேச அமைப்பை உருவாக்கின. ஒரு நாள் வேலையிழப்புக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என விதி செய்தன. 1898 இல் ஆட்டத்துக்கே பணம் பெறுவதும் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் அவ்வாறு பெறுபவர் வேறொரு தொழிலையும் செய்பவராக இருக்க வேண்டும் எனச் சங்கம் நிபந்தனை விதித்தது.

பிரதேச அமைப்பாகத் தொடங்கிய இந்த ஒன்றியமே 1922 இல் ‘றக்பி கால்பந்தாட்ட லீக்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. ‘றக்பி லீக்’ என்ற தனி விளையாட்டு இவ்வாறே தோன்றியது. பழைய சங்கத்தின் ஆட்டம் ‘றக்பி யூனியன்’ எனப்படுகிறது. இலங்கையில் நாம் காண்பது றக்பி யூனியன் ஆகும்.

4. புதிய சங்கம், புதிய போட்டிகள்

ஒரு சங்கம் உயிர்வாழ வேண்டுமானால் மக்கள் வந்து பார்க்கும் போட்டிகள் வேண்டும். வடக்கு ஒன்றியம் இதனை நன்கு உணர்ந்திருந்தது.

முதலாவது பருவகாலமான 1895-96 இல் 22 கழகங்களும் ஒரே லீக்கில் மோதின. ஒவ்வொரு கழகமும் 42 ஆட்டங்கள் ஆடியது. பிரட்போர்ட் நகரின் மன்னிங்ஹாம் கழகம் முதற் சம்பியனாகியது. இதே கழகம் 1903 இல் றக்பியைக் கைவிட்டு, பிரட்போர்ட் சிற்றி என்ற உதைபந்தாட்டக் கழகமாக மாறிவிட்டது! சம்பியன் கழகமே ஆனாலும் பார்வையாளர் வருமானம் இல்லாமல் நிலைக்க முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அடுத்த பருவகாலத்தில் பயணச் செலவைக் குறைப்பதற்காக லங்காஷயர், யோக்ஷயர் என இரு தனித் தொடர்கள் நடத்தப்பட்டன. 1897 இல் ‘சவால் கிண்ணம்’ என்ற விலகல் முறைப் போட்டியின் முதலாவது இறுதியாட்டம் லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானத்தில் நடைபெற்றது. பட்லி கழகம் சென் ஹெலன்ஸ் கழகத்தை 10-3 என வென்றது. 1929 இல் இந்த இறுதியாட்டம் இலண்டன் வெம்பிளி அரங்குக்குக் கொண்டு செல்லப்பட்டது.

பார்வையாளரைக் கவர்வதற்காக விதிகளும் மாற்றப்பட்டன. 1897 இல் லைன் அவுட் நீக்கப்பட்டது. 1906 இல் அணியின் ஆட்டக்காரர் எண்ணிக்கை 15 இலிருந்து 13 ஆகக் குறைக்கப்பட்டது. மைதானத்தில் நெரிசல் குறைந்து ஓட்டம் கூடியது.

இரண்டு ஆட்டங்களுக்கும் இடையில் இன்றுள்ள வேறுபாடுகளைக் கவனியுங்கள்.

அணியின் ஆட்டக்காரர்: லீக் – 13, யூனியன் – 15.
ட்ரை ஒன்றுக்கான புள்ளி: லீக் – 4, யூனியன் – 5.
ட்ரைக்குப் பின்னரான உதைக்கான புள்ளி: இரண்டிலும் 2.
தண்ட உதைக்கான புள்ளி: லீக் – 2, யூனியன் – 3.
லைன் அவுட்: லீக் – இல்லை, யூனியன் – உண்டு.
பந்தை வைத்திருத்தல்: லீக் – ஆறு முறை பிடித்து வீழ்த்தப்பட்டதும் பந்து மற்ற அணிக்குச் செல்லும், யூனியன் – அத்தகைய எல்லை இல்லை.
ஆட்ட நேரம்: இரண்டிலும் 80 நிமிடங்கள்.

5. கொழும்புக்கு வந்த ‘தங்க’ அணி

இச்சண்டையின் அலை இலங்கைக் கரையையும் ஒரு முறை தொட்டது. நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் தபால் திணைக்கள எழுதுவினைஞராகப் பணியாற்றிய அல்பேர்ட் பஸ்கவில் என்பவர், வடக்கு ஒன்றியக் கழகங்களுடன் மோதுவதற்காக ஓர் அணியைத் திரட்டினார். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் 50 பவுண் முதலிட்டு, இலாபத்தைப் பங்கிடுவது என்பது ஏற்பாடு. பணத்துக்காக ஆடுபவர்கள் என்று கேலி செய்த பத்திரிகைகள், ‘ஓல் பிளாக்ஸ்’ என்ற நியூசிலாந்து அணியின் பெயரைத் திரித்து இவர்களை ‘ஓல் கோல்ட்ஸ்’ என்றன. ‘முழுதும் தங்கம்’ என்பது அதன் பொருள்.

இந்த அணி இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும் வழியில், 1907 செப்டெம்பரில் கொழும்பில் இறங்கி இலங்கை அணியுடன் ஓர் ஆட்டம் ஆடியது. 33 இற்கு 6 என்ற புள்ளிக் கணக்கில் நியூசிலாந்து வென்றது. லீக் விதிகளை அவர்களே அப்போது கற்றிருக்கவில்லை. எனவே ஆட்டம் யூனியன் விதிப்படியே நடந்தது. இலங்கையின் முதலாவது சர்வதேச றக்பி ஆட்டமாக இதனையே குறிப்பிடுவர்.

அன்று இலங்கை அணி என்ற பெயரில் ஆடியவர்கள் இங்கு வாழ்ந்த ஐரோப்பியர்கள். இது உங்களுக்கு வியப்பளிக்கலாம். காரணத்தை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

6. மலைநாட்டுக்கு றக்பி வந்த வழி

1869 இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் பரவத் தொடங்கியது. கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை எழுந்தது. தோட்டங்களை நடத்துவதற்கு பிரித்தானியாவிலிருந்து இளைஞர்கள் துரைமாராக வந்தனர். அவர்களிற் பலர் தமது பாடசாலைகளில் றக்பி ஆடிப் பழகியவர்கள். மலைகளில் தனித்தனியே பங்களாக்களில் வாழ்ந்த அவர்கள் கூடுவதற்கு ஓரிடம் தேவைப்பட்டது. அதுவே கழகம். மாவட்டத்துக்கொரு கழகம், கழகத்துக்கொரு மைதானம் என்பது வழக்கமாயிற்று.

டிம்புல கழகத்துக்கு ரதெல்ல, டிக்கோயா-மஸ்கெலியா கழகத்துக்குத் தரவளை என்பன தாய் மைதானங்கள். ஊவாவிலும் களனிப் பள்ளத்தாக்கிலும் துரைமாரின் கழகங்கள் இருந்தன. கண்டி விளையாட்டுக் கழகம் 1874 இல் தோன்றியது.

புகையிரதப் பாதையும் இதற்குத் துணை செய்தது. அது 1867 இல் கண்டியையும் 1874 இல் நாவலப்பிட்டியையும் 1885 இல் நானுஓயாவையும் 1924 இல் பதுளையையும் அடைந்தது. முதலில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் கொழும்புக்கு இறக்குவதற்காகவே பாதை போடப்பட்டது. ஆனால் அதே பாதையில் ஓர் அணி மலையிலிருந்து இறங்கிக் கொழும்பில் ஆடிவிட்டுத் திரும்பவும் முடிந்தது. போக்குவரத்து இல்லாத இடத்தில் தொடர் போட்டி இல்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

கொழும்பில் 1879 இலேயே ஒரு றக்பிக் கழகம் தொடங்கப்பட்டிருந்தது. பாடசாலைகளில் இவ்விளையாட்டை முதன்முதலில் அறிமுகம் செய்தவர் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் ஆவார். 1891 இல் கண்டியில் தாம் நிறுவிய பாடசாலையில் அவர் றக்பியைத் தொடக்கினார். அப்பாடசாலையே பின்னர் கிங்ஸ்வூட் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1906 இல் போகம்பறையில் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் ஆடிய ஆட்டமே நாட்டின் முதலாவது பாடசாலைகளுக்கிடையிலான றக்பி ஆட்டம். அது 6-6 எனச் சமநிலையில் முடிந்தது. ஆகவே இலங்கையின் பாடசாலை றக்பி மலைநாட்டிலேயே பிறந்தது என நீங்கள் துணிந்து எழுதலாம்.

கழகங்கள் பெருகியதும் பொதுவான சங்கம் ஒன்று தேவைப்பட்டது. 1908 இல் இலங்கை றக்பி கால்பந்தாட்டச் சங்கம் நிறுவப்பட்டது. ‘ஓல் கோல்ட்ஸ்’ அணி வந்துபோன மறு ஆண்டு அது.

7. கிண்ணங்களும் கேடயங்களும்

(அ) கிளிபேர்ட் கிண்ணம்: 1925 முதல் 1927 வரை ஆளுநராக இருந்த சேர் ஹியூ கிளிபேர்ட் என்பவரின் துணைவியார் 1926 இல் வழங்கியது. 1950 முதல் கழகங்களுக்கிடையிலான சுற்றுப் போட்டியின் பரிசாக இது அமைந்தது. கொழும்புக் கழகங்களுடன் கண்டி, டிம்புல, டிக்கோயா, ஊவா, களனிப் பள்ளத்தாக்கு ஆகிய கழகங்களும் இதற்காகப் போட்டியிட்டன.

(ஆ) பிரட்பி கேடயம்: றோயல் கல்லூரிக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் இடையிலான முதலாவது றக்பி ஆட்டம் 1920 இல் நடைபெற்றது. 1945 இல் றோயல் கல்லூரி அதிபர் பிரட்பி இதற்கென ஒரு கேடயத்தை வழங்கினார். ஓர் ஆட்டம் கொழும்பிலும் மற்றையது கண்டியிலும் நடைபெற, இரண்டினதும் மொத்தப் புள்ளிகளைக் கொண்டு வெற்றியாளர் தீர்மானிக்கப்படுவது இதன் சிறப்பு.

(இ) வெளிநாட்டு அணிகளின் வருகை: பிரித்தானியாவின் கூட்டு அணி தூர நாடுகளில் ஆடித் திரும்பும் வழியில் இருமுறை கொழும்பில் ஆடியது. 1930 இல் 45-0 எனவும் 1950 இல் 44-6 எனவும் அது வென்றது. கப்பல் நின்று செல்லும் துறைமுகமாகக் கொழும்பு இருந்ததே இவ்வருகைகளுக்குக் காரணம்.

8. யார் ஆடலாம்?

முதற் பகுதியில் அடிக்கோடிடச் சொன்ன வரிக்கு மீண்டும் வருவோம். இங்கிலாந்தில் ஆட்டத்தைப் பிரித்தது கூலி. இங்கே கூலியுடன் நிறமும் சேர்ந்தது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் முன்னணிக் கழகங்கள் ஐரோப்பியருக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. திரித்துவக் கல்லூரி போன்ற பாடசாலைகளில் றக்பி கற்று வெளியேறிய உள்நாட்டு இளைஞருக்கு ஆடக் கழகம் இல்லை. எனவேதான் 1922 இல் ‘இலங்கையர்’ என்ற சொல்லையே பெயரிற் கொண்ட சிலோனீஸ் றக்பி, கால்பந்தாட்டக் கழகம் கொழும்பில் உருவாகியது. ஹடர்ஸ்பீல்டில் நடந்ததைப் போலவே, கதவு திறக்கப்படாதபோது வெளியே நின்றவர்கள் தமக்கென ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டனர்.

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அந்த வழியும் இருக்கவில்லை. காரணங்களை வரிசைப்படுத்தினால் விடை எழுதுவது எளிது.

முதலாவது, கல்வி. றக்பி பாடசாலை வழியாகப் பரவிய விளையாட்டு. தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் ஓர் ஆசிரியருடன் கீழ் வகுப்புகள் மட்டும் நடந்தவை. அவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேயே ஆகும். ஐந்தாம் வகுப்புடன் படிப்பு முடிந்த பிள்ளைக்குப் பாடசாலை அணி என்று ஒன்று எங்கே இருக்கும்?

இரண்டாவது, நேரம். பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து மலைக்கு ஏறியவர்கள் மாலையில்தான் இறங்கினர். பயிற்சிக்கென ஒதுக்க நேரமும் இல்லை, அந்த நேரத்துக்குக் கூலி கொடுப்பவரும் இல்லை.

மூன்றாவது, உரிமை. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தினால் இவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவர்களாயினர். நாட்டிலேயே இடம் கேட்டு நின்ற மக்கள் கழகத்தில் இடம் கேட்பது எவ்வாறு?

9. தோட்டக் கழகங்கள் தளர்ந்தமைக்கான காரணம்

1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. பிரித்தானியத் துரைமார் நாடு திரும்பினர். உள்நாட்டு முகாமையாளர்கள் கழகங்களைத் தொடர்ந்து நடத்தினார்கள். ஆயினும் மாவட்டத்துக்கு மாவட்டம் முழு அணியைத் திரட்டும் வலு படிப்படியாகக் குறைந்தது. (அதே காலத்தில், 1973-74 இல், தோட்டங்களில் பட்டினி நிலவியதை வரலாற்றுப் பாடத்துடன் சேர்த்து நினைவுகூருங்கள்.)

மலைநாட்டின் றக்பிப் பெருமை கண்டி நகரில் தங்கியது. நித்தவெல மைதானத்தைக் கொண்ட கண்டி விளையாட்டுக் கழகம் 1990களிலிருந்து நாட்டின் பலம் வாய்ந்த அணியாகப் பல பட்டங்களை வென்றது. அண்மைய ஆண்டுகளின் முதற்தரத் தொடரில் கண்டிக் கழகத்துடன் கொழும்புக் கழகங்களும் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளும் ஆடியுள்ளன. படை அணிகளில் ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் உறுதி என்பதைக் கவனியுங்கள். வடக்கு ஒன்றியம் 1895 இல் தேடிய விடைக்கு இது இன்னொரு வடிவமே ஆகும்.

10. சங்கத்தின் பிற்கால வளர்ச்சி

1972 இல் நாடு குடியரசாகிய பின்னர் சங்கம் ‘சிலோன்’ என்ற பெயரை விட்டு ‘ஸ்ரீலங்கா’ என்ற பெயரை ஏற்றது. (தமிழில் நாம் முன்பும் இலங்கை என்றே சொல்லி வந்ததால் இம்மாற்றம் நமக்குத் தெரிவதில்லை.) 1974 இல் ஆசிய றக்பிப் போட்டி கொழும்பில் நடைபெற்றது, இலங்கை இரண்டாமிடம் பெற்றது. 1988 இல் இலங்கை சர்வதேச றக்பிச் சபையில் இணைந்தது.

1995 இல் ஒரு வியப்பு நிகழ்ந்தது. ஹடர்ஸ்பீல்ட் கூட்டம் நடந்து சரியாக நூறு ஆண்டுகள் நிறைந்த ஓகஸ்ட் மாதத்தில், றக்பி யூனியனும் ஆட்டக்காரர் பணம் பெறலாம் என ஏற்றுக்கொண்டது. 1893 இல் 136 பேர் கேட்டது தவறன்று என்பதை ஒப்புக்கொள்ள நூற்றாண்டு சென்றது.

2023 இல் நிர்வாகத்தில் அரச தலையீடு இருந்ததெனக் கூறி உலக றக்பி அமைப்பு இலங்கைச் சங்கத்தை இடைநிறுத்தியது. பின்னர் அத்தடை நீக்கப்பட்டது. சங்கம் சுதந்திரமாக இயங்காவிட்டால் பாதிக்கப்படுவது ஆட்டக்காரரே என்பதற்கு இது அண்மைய உதாரணம்.

நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1871 – இலண்டனில் முதலாவது றக்பிச் சங்கம்
1879 – கொழும்பில் றக்பிக் கழகம்
1891 – கண்டியில் பாடசாலை றக்பி அறிமுகம்
1895 – ஹடர்ஸ்பீல்டில் வடக்கு ஒன்றியம்
1906 – போகம்பறையில் முதலாவது பாடசாலை ஆட்டம்
1907 – ‘ஓல் கோல்ட்ஸ்’ கொழும்பில்
1908 – இலங்கை றக்பி கால்பந்தாட்டச் சங்கம்
1922 – சிலோனீஸ் கழகம். இங்கிலாந்தில் ‘றக்பி லீக்’ என்ற பெயர்
1926 – கிளிபேர்ட் கிண்ணம்
1945 – பிரட்பி கேடயம்
1972, 1975 – தோட்டங்கள் அரசுடைமை
1995 – யூனியனிலும் பணம் பெற அனுமதி

மாணவர்கள் விடும் தவறுகள்

• லீக்கும் யூனியனும் ஒன்றே என எழுதுதல். ஆட்டக்காரர் எண்ணிக்கையே வேறு.
• 1922 இல் நடந்த இரு நிகழ்வுகளையும் குழப்பிக்கொள்ளுதல். ஒன்று கொழும்பில், மற்றையது இங்கிலாந்தில்.
• காரணம் கேட்ட வினாவுக்கு ஆண்டுகளை மட்டும் அடுக்குதல். ஆண்டு சான்றாகும், காரணம் ஆகாது.

பயிற்சி வினாக்கள்

1. விளையாட்டு நிர்வாக அமைப்பொன்றின் பணிகள் நான்கு தருக.
2. மலைநாட்டில் றக்பி பரவுவதற்குப் புகையிரதப் பாதை உதவியவாற்றை விளக்குக.
3. 1895 ஆம் ஆண்டின் பிளவுக்கான பொருளாதாரக் காரணத்தை எழுதுக.
4. தோட்டத் தொழிலாளர் சமூகத்துக்கு றக்பி எட்டாமற் போனமைக்கான காரணங்கள் மூன்றினை ஆராய்க.

மூன்றாம் வினாவுக்கு மாதிரி விடை

வட இங்கிலாந்தின் ஆட்டக்காரர்கள் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்தவர்கள். ஆட்டத்துக்குச் செல்லும் நாளில் அவர்கள் கூலியை இழந்தனர். இழந்த கூலியை ஈடுசெய்ய அனுமதிக்குமாறு கழகங்கள் கேட்டன. 1893 இல் தாய்ச் சங்கம் 282 இற்கு 136 என்ற வாக்குகளால் அதனை நிராகரித்தது. இதனால் 22 கழகங்கள் 1895 இல் விலகி வடக்கு ஒன்றியத்தை அமைத்தன. எனவே தொழிலாளரின் கூலி இழப்பே பிளவின் அடிப்படைக் காரணமாகும்.

நிறைவாக

எனது வகுப்பில் படித்த மாணவன் ஒருவன் நன்றாக ஓடுவான். பாடசாலை விளையாட்டுப் பயிற்சி சனிக்கிழமைகளில் நடந்தது. அவன் அதற்கு ஒழுங்காகப் போகவில்லை. அக்கறையில்லாத பிள்ளை என்றே நானும் எண்ணி ஒரு நாள் ஏசிவிட்டேன். அவன் தலையைக் குனிந்தபடி, “சனிக்கிழமை மரக்கறித் தோட்டத்துக்குக் கைக்காசுக்குப் போறேன்” என்றான். 1895 ஆம் ஆண்டின் பிளவை ஆண்டும் எண்ணிக்கையும் தவறாமல் கற்பித்து வந்த எனக்கு, அதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

மாணவர்களே, உங்களில் ஒருவர் நாளை விளையாட்டு ஆசிரியராகலாம், கழகமொன்றின் செயலாளராகலாம், தோட்டத்தின் முகாமையாளராகவும் ஆகலாம். அப்போது ஓர் அணியைத் தெரிவு செய்யும் பட்டியல் உங்கள் கையில் இருக்கும். வராத பிள்ளையின் பெயரை வெட்டுவதற்கு முன், ஏன் வரவில்லை என்று ஒரு தடவை கேளுங்கள். பயிற்சி நாளை மாற்ற முடியுமா என்றும் பாருங்கள்.

அடுத்த முறை ரதெல்லவைக் கடக்கும்போது பஸ் ஜன்னலால் அந்த மைதானத்தைப் பாருங்கள். இப்போது அதன் கதை உங்களுக்குத் தெரியும். பரீட்சையில் சிறப்புச் சித்தி பெற வாழ்த்துகள்!